வாளியில் நின்ற சாம்பிராணி மரம்

கடல் வருகிறது என்று யாராவது கத்தினால் எங்கள் தெருவில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். என் மனைவி காணி உறுதிப் பத்திரமும் அடையாள அட்டைகளும் இருக்கிற பையைத் தூக்குவாள். முன்வீட்டுக்காரர் தையல் மெசினைத் தூக்குவார். நான் ஒரு பெயின்ற் வாளியைத் தூக்குவேன். வாளிக்குள் மண், மண்ணுக்குள் ஒரு குச்சி. அந்தக் குச்சி சாம்பிராணி மரம் என்று நான் சொல்லுவேன். வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை. வேலியில் நிற்கிற கிளுவைதான் அது என்பது ஊரின் தீர்ப்பு.

எங்கள் வீடு கல்லடியில், வாவிப் பக்கம். ‘எங்கள்’ என்பது ஒரு மரியாதைக்கு. மட்டக்களப்புப் பக்கம் வீடும் வளவும் பெண்ணின் பெயருக்குத்தான் எழுதப்படும். ஆண் தன்னுடைய பெட்டியோடு போய் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் அந்த வளவில் ஒரு கத்தரிக் கன்று வைப்பதென்றாலும் நான் அனுமதி கேட்டு வைக்கிற ஆள். புளியந்தீவில் ரேடியோ திருத்துகிற கடை ஒன்று வைத்திருந்தேன். திருத்தக் கொடுத்த ரேடியோக்களில் சில பாடின, சில கடைசிவரை என்னோடேயே இருந்தன. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், என்னை நம்பி ஒரு மரத்தைக் கொடுத்தவனுடைய துணிச்சல் உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக.

அவன் காத்தான்குடிக்காரன், என் கூட்டாளி, ஓமானில் சலாலா என்ற ஊரில் ஒரு கடையில் வேலை. ஒரு முறை லீவில் வந்தபோது கைலேஞ்சித் துணியில் முடிந்து கொஞ்சம் விதை கொண்டுவந்தான். சாம்பிராணி மரத்தின் விதை. அவனுடைய மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். மதினி அந்த விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்தாள். பெரும்பாலானவை அழுகிவிட்டன, இரண்டு முளைத்தன. ஒன்றைக் கடற்கரைப் பக்கமிருந்த தன்னுடைய வளவில் வைத்தாள். மற்றதைப் பால்மாத் தகரத்தில் வைத்து என்னிடம் தந்தாள். முளைக்கப் போடாமல் மீந்திருந்த விதைகளை நான் ஒரு கடித உறையில் போட்டுக் கனடாவில் இருக்கிற என் மச்சானுக்கு அனுப்பினேன்.

“அண்ணன், இது பாலைவனத்துப் புள்ள. தண்ணி கொஞ்சமாக் குடுங்க. கூடினாச் செத்துரும்” என்றாள் மதினி.

நான் தலையாட்டினேன். அடுத்த நாளே மீன் கழுவின தண்ணீரை ஊற்றினேன். எங்கள் ஆட்களுக்கு இது இரத்தத்தில் இருக்கிறது. கறிவேப்பிலையோ முருங்கையோ ரோசாவோ, எது நின்றாலும் மீன் கழுவின தண்ணீர் அதற்குத்தான் போகும். கன்று உடனே இரண்டு இலையை உதிர்த்தது. அது கோபமா நன்றியா என்று எனக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகும் அந்த மரம் செய்த எதுவும் எனக்கு விளங்கியதில்லை.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்தது.

எங்கள் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். கடல் பக்கமிருந்து வந்ததா, வாவி பொங்கி வந்ததா என்று நான் நின்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது வற்றிப் போய்விட்டது. பால்மாத் தகரம் கிணற்றுக் கட்டின் மேல் இருந்ததால் அப்படியே இருந்தது. காத்தான்குடியில் மதினியின் வீடு இல்லை. வளவில் வைத்த கன்று இல்லை. மதினியும் இல்லை. மகள் ஏறாவூரில் தாயின் தங்கை, சாச்சி வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பினாள்.

கூட்டாளி சலாலாவிலிருந்து வந்து, வீடு இருந்த இடத்து மணலில் போய் நின்றான். சுவரின் ஒரு மூலை மட்டும் மிச்சம். அங்கேயிருந்து நேராக எங்கள் வளவுக்கு வந்தான். நான் வாய் நிறையப் பகிடி பேசுகிற ஆள். அன்றைக்கு அவனுக்கு ஒரு கதிரையைத் துடைத்து வைத்துவிட்டு, அதையே திரும்பவும் துடைத்தேன். அவன் கிணற்றடியில் தகரத்தைப் பார்த்தான்.

“இது அவ வெச்சதுதானே?”

“ஓம் மச்சான்.”

தகரத்தைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். “வீடு மகளுக்கெண்டுதான் இருந்திச்சு. இப்ப உம்மாட கையால மகளுக்குப் போறதெண்டா இது மட்டும்தான். அவளுக்கு வேற வீடொண்டு நான் எப்பிடியாவது கட்டிக் குடுப்பன். அதுவரைக்கும் இத நீ வெச்சிரு.”

“வெச்சிருக்கிறன்” என்றேன். அவன் திரும்பிச் சலாலாவுக்குப் போனான். அன்று பிடித்தது எனக்குப் பயமும் பதகளிப்பும்.

முதலில் மண்ணில் உப்பு ஏறியிருக்கும் என்று பயந்து மண்ணை மாற்றினேன். மாற்றின மண்ணிலும் உப்பு இருக்குமோ என்று, தகரத்தை விட்டு ஒரு பெயின்ற் வாளிக்கே கன்றை மாற்றினேன். கனடா மச்சானுக்குப் போன் எடுத்தேன். அவன் வீட்டு யன்னலோரம் ஒரு விதை முளைத்து நின்றதாம், வெளியே முழங்காலளவு பனியாம். “அத்தான், இதுக்கு வெளிச்சமும் சூடும்தான் வேணும். நாங்க லைட் போட்டு, ஹீற்றருக்குப் பக்கத்துல வெச்சிருக்கிறம்” என்றான். சலாலாக்காரன் வேறு கதை சொன்னான். அங்கே மலையின் ஒரு பக்கம் மழையும் மூடுபனியுமாம், சாம்பிராணி நிற்பது மறுபக்கத்தில், காய்ந்த கல்லுக்குள்ளாம். “மழ பக்கத்துல பெய்யிறது கேக்கோணும், மேல விழப்படாது” என்றான்.

இது எங்கே நடக்கும்? எங்கள் மாரியில் மழை பக்கத்தில் பெய்யாது, தலைக்குள்ளேயே பெய்யும். நான் இரண்டு பேருடைய சொல்லையும் கேட்டேன். வாளியைத் தாழ்வாரத்தில் வைத்து, மேலே குடை கட்டி, குடைக்குள் ஒரு குண்டு பல்ப் எரியவிட்டேன். ரோட்டால் போனவர்கள் எங்கள் வீட்டில் புதிதாக ஏதோ கோயில் வைத்திருக்கிறோம் என்று நினைத்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். மனைவிக்குப் பொறுக்கவில்லை.

“இஞ்சருங்க, என்ட அடுப்படியில பல்ப் எரிஞ்சு போய் எவ்வளவு நாள்? அத ஒருக்காப் பாத்தீங்களா?”

“அடுப்படி இலை உதிர்க்காது புள்ள.”

“நான் உதிர்ப்பன்” என்றாள்.

ஒரு மத்தியானம் கிணற்றடியில் தலைக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருக்கும்போது கடற்கரைப் பக்கமிருந்து சனம் ஓடி வந்தது. “கடல் வருது! கடல் வருது!” கண்ணைத் திறக்க முடியாது, எரிகிறது. தடவிக்கொண்டு போய் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கல்லடிப் பாலத்தைக் கடந்தால் புளியந்தீவு. அங்கே கடல் வராது என்று யாரோ எப்போதோ சொல்லியிருந்தார்கள். தீவுக்குத் தண்ணீர் வராது என்று நம்பி ஓடுகிற ஒரே சனம் நாங்களாகத்தான் இருப்போம்.

இரண்டு கையாலும் வாளியைக் கட்டிப் பிடித்திருந்ததால், பாலத்தின் நடுவில் இடுப்பில் கட்டியிருந்த ஈரச் சாரன் மெல்ல இளகுவது தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. வாளியை விடலாம், சாரனை விடலாம். அந்த இடத்தில் நான் எடுத்த முடிவை அரைவாசிக் கல்லடியும் பார்த்தது. பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த மீன்காரர் கத்தினார்:

“அண்ணன், மரத்த விடுங்க, மானத்தப் பிடிங்க!”

நல்ல காலம், உள்ளே காற்சட்டை இருந்தது. நல்லதென்று சொல்லக்கூடிய காற்சட்டை இல்லை. பாலத்து முனையில் காவலுக்கு நின்ற ஆமிக்காரன் வழக்கம்போலக் கையை நீட்டி “ஐசி?” என்றான். அடையாள அட்டை இல்லாமல் அந்த நாளில் சந்தி வரைக்கும்கூடப் போக மாட்டோம். நான் வாளியை நீட்டினேன். அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தான். மண்ணுக்குள் விரலை விட்டுக் கிளறினான். அதற்குள் எனக்குப் பின்னால் வந்த சனத்தைக் கண்டு அவனுக்கும் பயம் பிடித்துவிட்டது. “கடல் வருதா?” என்று தமிழில் என்னிடமே கேட்டான். எனக்கெப்படித் தெரியும்? இருவரும் சேர்ந்து வாவியைப் பார்த்தோம். ஒரு தோணி போனது. கடல் வரவில்லை.

மனைவி பையோடு, அவசரமே இல்லாமல் நடந்து வந்து சேர்ந்தாள். ஒரு கையில் என்னுடைய சாரன்.

“என்னையும் ஒரு வாளிக்குள்ள வெச்சிருந்தாத் தூக்கியிருப்பீங்க போல.”

அதற்குப் பிறகு ஆமிக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பவும் தொடங்கியது. பட்டணப் பக்கமிருந்து வாவிக்கு மேலால் மறுகரையான படுவான்கரைக்கு ஷெல் போகும். போகிற ஒவ்வொன்றுக்கும் எங்கள் ஓடு குலுங்கும், வாளி மண் குலுங்கும், மரம் இலை உதிர்க்கும். அங்கேயிருந்து இடம்பெயர்ந்த சனம் இக்கரைப் பள்ளிக்கூடங்களில் வந்து நிறைந்தது. மனைவி அவர்களுக்குச் சோறு சமைத்துக் கொண்டு போவாள், நான் வாளியோடு கட்டிலுக்குக் கீழே இருப்பேன். பிறகு கிழக்கில் சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். ஆனால் வடக்கில் நடந்துகொண்டிருந்தது. முடிந்ததென்றும் சொல்ல முடியாது, முடியவில்லையென்றும் சொல்ல முடியாது. மரமும் அதே நிலையில்தான் நின்றது.

கடைசியில் ஒரு நாள் பட்டணத்தில் படபடவென்று வெடித்தது. நான் வழக்கமான இடத்துக்குப் போய்விட்டேன். மனைவி குனிந்து பார்த்தாள்.

“வெளிய வாங்க. அது கொளுத்திப் போடுற சீனவெடி. சண்டை முடிஞ்சுதாம்.”

“உண்மையாவா?”

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய தங்கையின் குடும்பம் கடைசிச் சண்டை நடந்த வன்னியில் இருந்தது. அவர்கள் முகாமில் இருக்கிறார்கள் என்ற செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது. வெளியே வெடி, உள்ளே அவள். எதற்கு என்ன முகம் வைக்க வேண்டும் என்று தெரியாமல் நான் கட்டிலுக்குக் கீழேயே கொஞ்ச நேரம் இருந்தேன். அன்று அவளும் என்னை வெளியே வரச் சொல்லித் திரும்பக் கேட்கவில்லை.

அந்த வருடம் கச்சான் காற்று தொடங்க, நெருப்புப் போல அடித்தது. மரத்தில் ஓர் இலைகூட மிஞ்சவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் சலாலாவிலிருந்து போன் வந்தது. “மச்சான், மகளுக்குக் கல்யாணம் பேசியாச்சு. வீடும் ஓட்டு மட்டத்துக்கு வந்துட்டு. வாறன். மரம் இரிக்கிதானே?”

“நிக்குது மச்சான். ஆனா உயிர் இருக்கோ எண்டு எனக்குத் தெரியா” என்று உள்ளதைச் சொன்னேன். “வந்து பாக்கன்” என்றான்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்ப்பது. பச்சை தெரிந்தால் உயிர். சுரண்டினேன், பச்சை. அடுத்த நாள் காலை, நேற்றைய பச்சை இன்றைக்கும் இருக்குமா என்று வேறு இடத்தில் சுரண்டினேன். நகம் போதாமல் சவர பிளேட் எடுத்தேன். இப்படியே மேலிருந்து கீழாக மரம் முழுக்கக் காயம். காயத்தில் எல்லாம் வெள்ளை வெள்ளையாக ஏதோ பொட்டுப் பொட்டாக வந்தது. மாவுப்பூச்சி! மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தேன். திரும்பவும் வந்தது. திரும்பவும் துடைத்தேன். இத்தனை வருடம் கடலிடமிருந்தும் ஷெல்லிடமிருந்தும் காப்பாற்றியதைக் கடைசியில் பூச்சி தின்னப் போகிறதே என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவன் வந்தான். தலை நரைத்திருந்தது. மகளையும் கூட்டி வந்திருந்தான். அந்தப் பிள்ளை வாசல் நிலையில் நின்றது, தாய் நிற்கிற அதே சாயல். அவன் வாளிக்கு முன்னால் குந்தினான். நான் அவனுக்குப் பின்னால் நின்று, கேட்காமலேயே எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்: உப்பு, பல்ப், குடை, பாலம், பிளேட், பூச்சி, மண்ணெண்ணெய்.

“மண்ணெண்ணெயா?” என்று திரும்பினான்.

“மாவுப்பூச்சிக்கு.”

அவன் கிளையின் அடிப்பக்கம் விரலை விட்டு, என் துணிக்குத் தப்பின ஒரு வெள்ளைப் பொட்டைக் கிள்ளி எடுத்தான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அவனுடைய தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து நான் மனைவியைப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“டேய், இதுதான்டா சாம்பிராணி! அங்க மலையில ஆக்கள் கத்தியால சுரண்டி விட்டுட்டு இதுக்குத்தான் பாத்திட்டு இருப்பானுகள். நீ சுரண்டியும் போட்டு, வந்தத எல்லாம் துடைச்சு எறிஞ்சிருக்காய்!”

“அப்ப மரம்?”

“செத்த மரம் அழுமாடா?”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மனைவி சாமியறையிலிருந்து சாம்பிராணிச் சட்டியைச் சிரட்டைக் கரி நெருப்போடு கொண்டுவந்தாள். அவன் அந்தப் பொட்டைக் கரியில் போட்டான். மெல்லிதாக ஒரு புகை எழும்பியது. அவன் கண்ணை மூடி இழுத்தான். மகளும் கிட்ட வந்து குனிந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“என்ன மச்சான், சரியான வாசமா?”

“மண்ணெண்ணெய் மணக்குது” என்றான். மூடின கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்: “அதுக்குப் பின்னால இரிக்கி.”

ஆட்டோவில் வாளியை ஏற்றினோம். மகள் அதை மடியில் வைத்துக்கொண்டாள். ஆட்டோ சந்தியில் திரும்பிய பிறகும் நான் இரண்டு கையையும் வளைத்தபடியே ரோட்டில் நின்றேனாம்.

“இனிக் கடல் வந்தா என்னத்தத் தூக்குவீங்க?” என்றாள் மனைவி.

“உன்னத்தான் புள்ள.”

“ஐயோ வேணாம். நீங்க சாரனப் பிடிங்க, போதும்.”

மரத்தைப் புது வளவில், மதில் ஓரம், கல்லும் மணலும் போட்ட மேட்டில் இறக்கி வைத்தார்கள். கூட்டாளி திரும்பிப் போய்விட்டான். கச்சான் ஓய்ந்து முதல் மழை பெய்த அன்று கடைக்குப் போன் வந்தது. காத்தான்குடிப் பிள்ளை.

“மாமா, நுனியில ரெண்டு இல வந்திரிக்கி. சுருங்கிக் கிடக்கு. உம்மா வெச்ச மரத்துக்கு இல இப்பிடித்தான் வருமா? நல்லதா, கெட்டதா?”

அந்த இலை அப்படித்தான் சுருங்கியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பால்மாத் தகரத்திலும் அப்படித்தான் இருந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். உடனே சந்தேகம் பிடித்துவிட்டது.

“நல்லதுதான் மகள்” என்றேன். “எதுக்கும் கொஞ்சம் பொறுங்க, வாறன். வந்து பாத்திட்டுச் சொல்றன். அதுவரைக்கும் தண்ணி ஊத்தாதீங்க. மீன் கழுவின தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க.”

“மாமா” என்றாள் பிள்ளை, “விடியவே ஊத்திட்டன்.”

கடையைப் பூட்டாமலே சைக்கிளை எடுத்தேன்.