ஆற்று வாய் வெட்டிய நாள்

எங்கள் ஆறு சின்ன ஆறு. திருக்கழுக்குன்றத்துக்கு மேற்கே இரண்டு குன்றுகளுக்கு நடுவில், பாறை இடுக்கில் கசிந்து தொடங்கும். வெயில் காலத்தில் ஆடு தாண்டிப் போகும். மழை பிடித்தால் கல் உருளும் சத்தம் அடிவாரத்துக்குக் கேட்கும். வழியில் இரண்டு ஏரிகளை நிரப்பி, மிச்சத் தண்ணீர் கலங்கலில் வழிந்து, தார் ரோட்டுக்கு அடியில் நுழைந்து எங்கள் ஊருக்கு வரும். எங்களுக்குக் கிழக்கே மணல், கடல். அந்த மணல்தான் ஆற்றின் வாயை மூடி வைத்திருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை. மழை விடவில்லை. வாய் திறக்காததால் தண்ணீர் பின்னால் ஏறி என் கழனியை மூடியது. பயிர் கதிர் விடும் சமயம். இன்னும் இரண்டு நாள் நின்றால் அழுகிவிடும். இருப்பது அந்தக் கழனி ஒன்றுதான். வீட்டுக்காரி கழனிப் பக்கம் திரும்பவே இல்லை.

மழை விட்ட காலையில் நாங்கள் ஐந்து பேர் மண்வெட்டியோடு போனோம். கழனியில் தண்ணீர் வடிக்கக் கீழ்க்கோடியிலிருந்துதான் வெட்டிக்கொண்டு வருவோம். அதே பழக்கத்தில் கடல் பக்கம் ஆரம்பித்தோம். வெட்ட வெட்ட அலை வந்து மூடியது.

படகு ஓரம் வலை பிரித்துக்கொண்டிருந்த மீன்காரர் ஒருவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து வந்தார்.

"இன்னா அண்ணாத்த, கடலுக்கு வரப்பு போட்டுகினு கீற?"

சிரிப்பு வரவில்லை எனக்கு. கழனி முழுகிக் கிடக்கிறது என்றேன். அவர் மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

"ஆத்து பக்கம் வெட்டினு வா. ஒரு ஆள் போற அகலம் போதும். கடல் பக்கம் கொஞ்சம் மண்ணு வுட்டு வை. கடல் வாங்கசொல்ல எடுத்துக்கலாம். மிச்சத்த தண்ணியே வெட்டிக்கும்."

அப்படியே வெட்டினோம். பிறகு உட்கார்ந்திருந்தோம். படகில் இருந்த அவர் ஆட்கள் டீ கொடுத்தார்கள். சாயங்காலம் கடல் வாங்கி, அலை பின்னால் போனது. மீன்காரர் மிச்ச மண்ணைத் தள்ளினார். தண்ணீர் முதலில் நூலாகப் போனது. கொஞ்ச நேரத்தில் இரண்டு கரையும் சரிந்து விழ, ஆறு தானே வழி எடுத்துக்கொண்டு ஓடியது. அவர் ஆட்கள் ஓடி வந்து ஆற்று வாயில் வலை போட்டார்கள். எனக்கும் ஒரு பை மடவை மீன் கொடுத்தார்கள்.

திரும்பும்போது வெளிச்சம் இருந்தது. தண்ணீர் இறங்கி என் வரப்பு தெரிந்தது. வரப்பை ஒட்டிப் பயிரின் நுனி, சேறு பூசிக்கொண்டு, நிமிர்ந்து நின்றது.

பையை வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்தாள். குழம்புக்குப் புளியை ஊறப் போட்டாள்.