வெயில் இருந்தும் மின்சாரம் இல்லை

ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியரான நான், கல்வராயன் மலையில் எங்கள் வீட்டுக் கூரையில் சோலார் பொருத்தியபோது, மின்வாரிய லைனோடு இணைத்தால் போதும் என்று பேட்டரியை மறுத்துவிட்டேன். சென்ற கோடையில் ஒரு நண்பகல், மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தது. நுரையீரல் நோயாளியான என் மனைவியின் ஆக்ஸிஜன் இயந்திரம் நின்று, அவள் மூச்சுத் திணறினாள்.

பக்கத்து வீட்டு விவசாயி ஓடி வந்தார். "இன்னா சார், இம்மாம் வெயிலு அடிக்குது, கூரை பூரா தகடு வச்சிக்கினு கரண்டு இல்லன்றீங்க? எங்க வூட்ல சின்னத் தகடு, பேட்டரில ஃபேனு ஓடுதுங்க."

கம்பியில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக, லைன் நின்றால் இவ்வகை சோலாரும் தானாக நின்றுவிடும். அதை நான் விசாரிக்கவில்லை. கள்ளக்குறிச்சி மருத்துவமனையை அடையுமுன் அவள் இறந்துவிட்டாள்.

இப்போது பேட்டரி வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு, அவள் அறையில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறேன்.