என் வீட்டுக்காரரின் தலையணை

ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை தலையணையை மாற்ற வேண்டும் என்று இன்று காலை வாட்ஸ்அப்பில் படித்தேன்.

என் வீட்டுக்காரரின் தலையணைக்கு எங்கள் கல்யாணத்தைவிட வயது அதிகம். சாயங்காலமே அவரை மும்பை தாராவியில் ஒரு மெத்தைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"பழசு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. இவதான் கேக்க மாட்டேங்கா" என்று கடைக்காரரிடம் முறையிட்டார்.

"நல்லாவா இருக்கு? கல்லு மாதிரி கெடக்கு" என்றேன்.

அண்ணாச்சி புதுத் தலையணை ஒன்றைக் கட்டிலில் போட்டார். "ஏக்தம், அப்படியே மெத்துன்னு இருக்கும். சும்மா தலைய வச்சுப் பாருங்க."

வேண்டாவெறுப்பாகப் படுத்தார். நான் உறை பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் குறட்டை. கடைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள்.

எனக்கு மானம் போனது. எழுப்பப் போனேன்.

"எழுப்பாதீங்கம்மா, இத மாதிரி விளம்பரம் எனக்குக் கெடைக்காது" என்று அண்ணாச்சி தடுத்தார். சொன்னபடியே, இவர் கண் விழிப்பதற்குள் இரண்டு தலையணைகளை விற்றுவிட்டார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து, புதுத் தலையணையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் அவர் சொன்னது: "ஏட்டி, புதுசு ரொம்ப நல்லாருக்கு. பத்திரமா எடுத்து வை. விருந்தாளி வந்தா குடுக்கலாம்."

இப்போது பழையதில் தூங்குகிறார்.

உங்கள் வீட்டில் எதை மாற்ற விடமாட்டேன் என்கிறார்கள்? சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.