பொறுமையைப் பற்றிய பிரசங்கம்

செங்கலடியில் சட்டை தைக்கும் சலோமி அக்கா, யுத்தம் உச்சத்தில் இருந்தபோதுதான் அங்கிலிக்கன் சபையின் இறையியல் வகுப்பில் சேர்ந்தார். எங்கள் கோயிலுக்குக் குருவானவர் வந்து சேர்வதே அபூர்வம். பிரசங்கம் செய்ய ஓர் ஆள் வேண்டாமா?

கடைசிப் பரீட்சை, சபைக்கு முன்னால் பொறுமையைப் பற்றி ஒரு பிரசங்கம். அதற்காக அக்கா மட்டக்களப்புக்குப் போன பஸ்ஸில் பரீட்சகரான குருவானவரும் இருந்தார். வழியில் சோதனைத் தடையில் ராணுவம் எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தியது. தடைக்கு அப்பால், அத்தனை பேரையும் ஏற்றிப்போக ஒரேயொரு பஸ் காத்து நின்றது.

வெயில் ஏறியும் தடை திறக்கவில்லை. குருவானவர் பொறுமை இழந்தார்.

"இனி நேரத்துக்குப் போக ஏலாது. பிரசங்கத்தை இங்கயே, இந்தச் சனத்துக்கே சொல்லுங்க."

அக்கா குடையை மடக்கிவிட்டுத் தொடங்கினார். வரிசையில் நின்ற ஏறாவூர் ஆயிஷா உம்மாகூட "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்.

"அவசரப்படுறதால ஒண்டும் கிடைக்காது, சனங்களே..."

தடை திறந்தது. சேலையைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடியவர் அக்காதான். முன் சீற்றில் உட்கார்ந்த பிறகே பரீட்சை நினைவுக்கு வந்தது. திரும்பினால், பின் சீற்றில் குருவானவர் மூச்சிரைத்துக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், முடிவுரை சொல்லல்லியே?"

"உங்களை முந்தத்தான் பார்த்தன், ஏலாமப் போச்சு. பாஸ்!"