எழுபது லேபிளும் ஒரு தகர மார்க்கும்

பினாங்கில் காப்பி தெருவில் நடந்து போகும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காலிப் பால் டின்னின் மூடியில் துளை போட்டு, கயிறு கோத்து, அதில் சுடச்சுட ஊற்றிக் கொடுப்பான் சீனக் கடைக்காரன். வாங்கியவர்கள் கயிற்றை விரலில் மாட்டித் தொங்கவிட்டபடி வேலைக்குப் போவார்கள். டின்னின் மேல் ஒட்டிய லேபிளை யாரும் கிழிப்பதில்லை. அதனால் காலை நேரத்தில் கடைத்தெரு முழுக்க மாடும் பூவும் கப்பலும் ஆடி ஆடிப் போகும். மற்றவர்களுக்கு அது காப்பி, எனக்கு அது படம். வந்த புதிதில் எதிரே வருகிறவர் முகத்தைப் பார்க்காமல் டின்னையே பார்த்துக்கொண்டு நடந்து, இரண்டு முறை ரிக்‌ஷாவில் அடிபடப் பார்த்தேன். லேபிளுக்குப் படம் போட்டே வயிறு வளர்க்கிறவனின் கண் வேறு எங்கே போகும்?

ஆம்பூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் தம்பிகள் சிலர் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். எல்லாக் கடிதத்திலும் ஒரே கேள்விதான். எனக்கும் படம் போட வரும், நானும் கப்பலேறி வருகிறேன், மாதிரி ஆல்பத்தில் என்னென்ன ஒட்டிக்கொண்டு வரட்டும்? தனித்தனியாகப் பதில் எழுதும் அளவுக்கு நான் நல்லவன் இல்லை. எல்லாருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். நான் கொண்டுவந்த ஆல்பத்தின் கதையைச் சொன்னாலே போதும்.

வேலூரில் ஒரு கல்லச்சுக் கூடத்தில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். வழவழப்பாகத் தேய்த்த கல்லின் மேல் கொழுப்பு மையால் படத்தை இடவலம் மாற்றி வரைய வேண்டும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். எட்டு நிறம் என்றால் எட்டுக் கல்லிலும் கோடு இம்மி பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். அதில் என் கை சுத்தம் என்று ஜில்லா முழுக்கப் பேர். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை, உண்மை அதுதான்.

அங்கே வேலை எப்படி வரும் என்பது உங்களுக்குத் தெரியும். வியாபாரி வெறுங்கையோடு வரமாட்டார். சீமைத் துணிப் பீஸில் ஒட்டியிருந்த படமோ, ஸ்வீடன் தீப்பெட்டி மேல்தாளோ ஏதாவது ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். பேரணாம்பட்டு பீடி வியாபாரி ஹயாத் பாய் அப்படித்தான் ஒரு முறை ஜெர்மன் கிளி ஒன்றோடு வந்தார். நான் போட்டுக் கொடுத்த கிளியை அசலுக்குப் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடி பிடித்துப் பார்த்தார்.

“தம்பி, கிளிக்கு மூக்குல செவப்பு கொஞ்சம் கம்மியா கீதே?”

“மாதிரியில வெயில்பட்டு வெளுத்திருக்குது பாய். நான் வெளுக்கிறதுக்கு முன்னாடி எப்படி இருந்திருக்கும்னு பாத்துப் போட்டேன்.”

“அதெல்லாம் இன்னாத்துக்கு? இதுல எப்படி கீதோ அப்படியே போடு. ஜாஸ்தியும் வேணாம், கம்மியும் வேணாம்.”

அப்படியே போட்டேன். பாய் இரண்டையும் தன் கடைப் பையன்களிடம் காட்டி, எது அசல் என்று கேட்டாராம். நாலு பேரும் என்னுடையதைத்தான் அசல் என்று சொன்னார்களாம். அதைவிடப் பெரிய மெடல் எங்கள் பக்கத்தில் கிடையாது. அந்தக் கிளியிலிருந்து தொடங்கி, என் கையில் தேறிய எழுபது லேபிள்களைத் தேர்ந்தெடுத்து, ஆம்பூர்த் தோலில் அட்டை போட்ட ஆல்பத்தில் ஒட்டினேன். வேலையை உதறினேன். மனைவியையும் மகளையும் அப்பாவிடம் விட்டுவிட்டு, மூன்று மாதத்தில் அழைத்துக்கொள்கிறேன் என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினேன்.

பினாங்கில் அச்சகம் வைத்திருந்தவர் ஓங் என்ற சீனர். முதலாளியை இங்கே தவுக்கே என்பார்கள். எனக்கும் அவருக்கும் நடுவே இருந்த ஒரே பாலம் சந்தை மலாய். அதில் எனக்குத் தெரிந்தது ஒரு மாதப் பழக்கம். அவர் ஆல்பத்தை நிதானமாகப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் விரலை வைத்து, “சியாப்பா புன்யா?” என்றார். இது யாருடையது என்று அர்த்தம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னேன். இது ஜெர்மனிக்காரன். இது மான்செஸ்டர். இது ஸ்வீடன், பாருங்கள், மயிரிழை மாறாது. சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது. எனக்கோ, ஆள் அசந்துவிட்டார் என்று நினைப்பு.

எழுபதும் முடிந்ததும் ஆல்பத்தை மூடினார். “தாங்கான் பாகுஸ்” என்று என் கையைக் காட்டினார். கை நன்றாக இருக்கிறதாம். பிறகு, “கெப்பாலா மானா?” என்றார். தலை எங்கே என்று அர்த்தம். தொப்பியைக் கழற்றிவிட்டதைச் சொல்கிறார் என்று எண்ணி, ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன். அச்சகமே சிரித்தது. கணக்கெழுதும் தமிழர் ஒருவர்தான் என்னைத் தனியே கூப்பிட்டு விளக்கினார். தவுக்கேவுக்கு நகல் வேண்டாம், நகலெடுக்க அவரிடம் போட்டோ மெஷின் இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் பத்துத் தாள், என் சொந்தப் படமாகப் போட்டுக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த சென்னைக் கப்பலில் ஏறிவிட வேண்டும்.

பத்துத்தானே, எழுபது போட்டவனுக்குப் பத்து ஒரு பொருட்டா என்று உட்கார்ந்தேன். ஒரு கிளி வரைந்தேன். அது ஜெர்மன் கிளி. அதைக் கிழித்துவிட்டு ஒரு பெண்ணை வரைந்தேன். காலண்டரில் வந்த சீமைப் பெண், என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினாள். சிங்கம் போட்டால் அது மான்செஸ்டர் சிங்கம். கண்ணை மூடிக்கொண்டு ஆம்பூரில் பார்த்த மாட்டை நினைத்துப் போட்டால், பால் டின் மாடு வந்து நிற்கிறது! ஆறு வாரம் இப்படிப் போயிற்று. என் கையில் உலகத்துக் கிளியெல்லாம் இருந்தது, எனக்கென்று ஒரு கிளி இல்லை. அதைக் கண்டுபிடித்த அன்று நான் பயந்த பயத்தைக் கப்பலில் புயலடித்தபோதுகூடப் பயப்படவில்லை. மகள் பெயரில் வந்த கடிதத்துக்குப் பதில் போடக் கை வரவில்லை.

சென்னைக் கப்பல் வரும் நாளில் துறைமுகத்துக்குப் போவது இங்கே நம்மவர்கள் எல்லாருக்கும் வழக்கம். தெரிந்த முகம் இறங்குமா, ஊர்ச் செய்தி கிடைக்குமா என்று பார்ப்போம். நான் அன்று திரும்பிப் போகும் கப்பலின் நாளை விசாரிக்கத்தான் போனேன். கரையில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சீனக் கணக்கன் தூரத்தில் நின்றபடியே, “கெத்தாம்! கெத்தாம்!” என்று கத்தினான். மலாய்க்காரர் ஒருவரும் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கூலியாள் ஒருவரும், குவியலிலிருந்து சில கோணிக் கட்டுகளை மட்டும் சரியாகப் பிரித்து உருட்டினார்கள். கட்டின் மேல் கறுப்பு மையில் ஒரு மார்க்கு. பார்த்ததும் கால் அப்படியே நின்றுவிட்டது. அது நான் வெட்டியது.

கூலியாள் என்னைப் பார்த்து, “என்னண்ணே அப்படிப் பாக்குறீங்க? நண்டுச் சரக்கு. தோலு. மேக்கொண்டு ஜப்பானுக்குப் போவுது” என்றார்.

“நண்டா?”

“நண்டுதாண்ணே. மலாய்ல கெத்தாம்னா நண்டுதானே. எழுத்துத் தெரியாதவனுக்கும் தெரியுமே.”

அது நண்டு இல்லை. பத்தொன்பது வயதில் நான் ஆம்பூரில் போட்டது. அப்பா வேலை பார்த்த தோல் ஷாப்பில், பதனிட்ட தோல்கட்டு வெளிநாட்டில் அடுத்தவன் கட்டோடு கலந்துபோகிறது என்று முதலாளி பேஜார் பட்டுக்கொண்டிருந்தார். பேரை எழுதினால் ஈரக் கோணியில் மை பரவி எழுத்து அடையாளம் தெரியாமல் போகும். அப்பா, “எம்புள்ள படம் போடுவான்” என்று சொல்லிவைக்க, நான் ஒரு மத்தியான வேளையில், மேலே மை தடவினால் கோணியில் படம் விழும்படி தகரத்தை வெட்டினேன். தோலில் சதை வழிக்கிற வளைகத்தி இரண்டை எதிரெதிராக வைத்து, நடுவே ஒரு புள்ளி. தகரத்தில் மூடிய வட்டம் வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும் என்பதால் கத்திகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டேன். மை எவ்வளவு பரவினாலும் அந்த இடைவெளி அடைபடாதபடி அகலமாக விட்டேன். யாரும் மாதிரி கொண்டுவந்து தரவில்லை. யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவும் இல்லை. கோணி மேல் அடிக்கிற மார்க்குத்தானே என்று நானே அதை மறந்துவிட்டேன். எழுபது லேபிள் ஒட்டிய ஆல்பத்தில் அதற்கு இடம் தரத் தோன்றவில்லை.

மூன்று பாஷைக்காரர்கள், ஒருவர் தாய்மொழி ஒருவருக்குப் புரியாதவர்கள், நான் வெட்டிய கத்தியை நண்டு என்று ஒரே பேரில் கூப்பிட்டு எடுத்துப் போனார்கள். கப்பல் நாளை விசாரிக்காமலே திரும்பினேன். சந்தோஷம் தாங்கவில்லை, வழியில் ஒரு டின் காப்பி வாங்கி முழுவதும் சட்டையில் கொட்டிக்கொண்டேன்.

அதன் பிறகு பத்துத் தாளும் மூன்று வாரத்தில் முடிந்தன. கிளியை நினைக்கவில்லை. இந்தச் சரக்கை யார் தூக்குவார், எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார், மழை பட்டால் என்ன மிஞ்சும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். எட்டு நிறத்தில் ஊறிய கை முதலில் முரண்டு பிடித்தது. இரண்டு நிறத்துக்கு மேல் தருவதில்லை என்று நான் பிடிவாதமாக நின்றேன். ஓங் அந்தத் தாள்களைச் சுவரில் குத்தச் சொல்லி, கூடத்தின் மறுகோடிக்கு நடந்து போய் நின்று பார்த்தார். பழைய கேள்வியையே கேட்டார், யாருடையது என்று. “சாயா புன்யா” என்றேன். என்னுடையது. மலாயில் நான் தப்பில்லாமல் பேசிய முதல் வாக்கியம் அது. அடுத்த கப்பலில் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள்.

ஆகவே தம்பிகளே, நகலெடுத்தது திருட்டு என்று நான் சொல்லமாட்டேன். அந்த எழுபது இல்லாமல் என் கோட்டுக்கு இந்த உறுதி வந்திருக்காது. ஆனால் ஆல்பத்தின் முதல் பக்கத்தில், மாதிரி இல்லாமல் நீங்கள் போட்டதை ஒட்டுங்கள். சாக்குப் பையில் எழுதியதாக இருந்தாலும் சரி, சர்ச் திருவிழாவுக்கு வரைந்த பலகையாக இருந்தாலும் சரி. அப்படி ஒன்றும் இல்லை என்றால், டிக்கெட் வாங்கும் முன் ஒன்று போட்டுவிடுங்கள்.

இதோடு முடித்திருப்பேன். போன வருஷம் ஹயாத் பாயிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இங்கிருந்து ஊர் திரும்பிய யாரோ கொண்டுபோன தேயிலைப் பொட்டலத்தின் மேல்தாளைக் கிழித்து உள்ளே வைத்திருந்தார். ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு, பச்சையும் கறுப்பும். “தம்பி, இந்த மாதிரி சரக்கு நம்ம பக்கம் எவனும் போடல. இதே மாதிரி ஒண்ணு போட்டு அனுப்பு. மூலையில இன்னாவோ ரெண்டு எழுத்து கீது. அத்த எடுத்துட்டு என் பேரப் போட்டுடு.”

அந்த இரண்டு எழுத்து என்னுடையது. சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பாய், அது நான் போட்டது, இன்னொருவருக்கு விற்றாயிற்று என்று எழுதி, அவருக்கென்றே புதிதாக வேறு ஒரு படம் போட்டு அனுப்பினேன். பதில் வந்தது. “நீ போட்டதுன்னா இன்னும் நல்லதாப் போச்சு, வெளியாள் சரக்கு இல்ல. புதுப் படம் சோக்கா கீது, ஆனா நான் கேட்டது இது இல்லியே. இன்னொரு பொட்டலத்துத் தாளு கைல இருந்திச்சு, அத்த வேலூர்லயே குடுத்தேன், போட்டுட்டான். பாரு.” கூடவே கொக்குப் படம் ஒட்டிய ஒரு பீடிக்கட்டு.

பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குறை கண்டுபிடித்துத் திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு குறை இல்லை. அலகு சரி, பச்சை சரி. கால் வரைக்கும் வந்தேன். அந்தக் கொக்கின் காலை நான் கல்லில் இழுத்தது, அப்பா போய்விட்டார் என்ற கடிதம் ஒரு மாதம் தாமதமாக வந்து சேர்ந்த நாளில். ஒரே கோடு, முட்டிக்குக் கீழே நடுங்கிவிட்டது. சுரண்டித் திருத்தியிருக்கலாம், எனக்கு மனம் வரவில்லை. ஓங் அதைக் கவனிக்கவில்லை. தேயிலைக் கம்பெனிக்காரனும் கவனிக்கவில்லை. இந்த ஊரில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

வேலூரில் நான் விட்டுவந்த இடத்தில் இப்போது எவன் உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அவன் என் பெயரைச் சுரண்டி எறிந்திருக்கிறான். என் கை நடுங்கிய இடத்தில் மட்டும், மயிரிழை மாறாமல் தானும் நடுங்கியிருக்கிறான்.