முதலாளி ஆன உங்கள் அத்தை

பிள்ளைகளே, இந்த நினைவு மலரில் அத்தையின் படத்துக்குக் கீழே நல்லதாக நாலு வரி எழுதச் சொன்னார்கள். எனக்கு அவ்வளவாக எழுத வராது. நீங்கள் இருவரும் நாளைக்குச் சொந்தமாகப் பில் போட்டுச் சம்பாதிக்கப் போகிறவர்கள். அதனால் உங்களுக்கென்றே எழுதுகிறேன். உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் தங்கை, உங்கள் அத்தை, பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளி வீட்டில். சுரங்கம் மூடியதும் விடியற்கால ரயிலில் பெங்களூர் வந்து அலுவலகக் கழிவறை கழுவும் வேலையில் சேர்ந்தார். மாமா சீக்கிரமே போய்விட்டார், பிள்ளை இல்லை. மர்பி டவுனில் நம் தெருவிலேயே ஓர் அறை எடுத்தார். சூப்பர்வைசர் ஆனார். யாரையும் திட்டமாட்டார், ஆனால் தரையில் ஈரம் நின்றால் விடமாட்டார்.

ஒருநாள் மேனேஜர் அவரைக் கூப்பிட்டிருக்கிறார். "இனிமே நீங்க ஸ்டாஃப் இல்லம்மா, காண்ட்ராக்டர். உங்க பேர்ல ஜி.எஸ்.டி. நம்பர் எடுங்க, மாசாமாசம் பில் போடுங்க. கீழ இருக்கிற பொம்பளைங்களுக்கு நீங்களே சம்பளம் குடுங்க."

அன்று நம் வீட்டுக்கு லட்டோடு வந்தார். "இன்னாண்ணா, இனிமே நான் முதலாளி. எழுந்து நில்லு."

"நிக்கிறேம்மா. காபி நீயே போடுவியா, ஆள் வச்சிருக்கியா?" என்றேன்.

செலவு குறைவு என்று ஆடிட்டர் 'தனி உரிமையாளர்' எனப் பதிந்து கொடுத்தார். அப்படிப் பதிந்தால் தொழிலின் பாக்கியெல்லாம் சொந்தப் பாக்கி என்பதை யாரும் விளக்கவில்லை. அலுவலகம் ஒவ்வொரு பில்லிலும் வரி பிடித்துக்கொண்டுதான் கொடுத்தது. வரி அதோடு முடிந்தது என்று அத்தை நம்பினார். அவர்கள் பிடித்தது வருமான வரி. பில்லில் மேலே சேர்த்து வாங்கிய ஜி.எஸ்.டி. வேறு, அதை அத்தைதான் அரசுக்குக் கட்டியிருக்க வேண்டும். அவரோ அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்துத் தீபாவளிக்கு தன்னிடம் வேலை செய்த பெண்களுக்குப் போனஸ் கொடுத்தார். "போனஸ் குடுக்காத காண்ட்ராக்டரை அப்பா எப்படித் திட்டுவாரு, ஞாபகம் இருக்கா? அந்தச் சாபம் எனக்கு வேணாம்ணா."

பிறகு வயிற்றில் கட்டி வந்தது. ஸ்டாஃபாக இருந்தபோது கொடுத்த பழைய ஈ.எஸ்.ஐ. மருத்துவ அட்டையோடு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"இது செல்லாதும்மா. இப்ப எங்க வேலை?" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"சொந்த கம்பெனி சார்."

"ஓனருக்கு இங்க இல்லம்மா. ஸ்டாஃபுக்கு மட்டும்தான்."

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், "முதலாளிங்களும் ஓசி மாத்திரைக்கு வந்துட்டாங்கப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரிக்கப் பார்த்தார்.

தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்பணம் கேட்டார்கள். எடுக்கப் போனால் வங்கிக் கணக்கு முடங்கிக் கிடந்தது, ஜி.எஸ்.டி. பாக்கிக்காக. நான் கடன் புரட்டி முடிப்பதற்குள் நோய் ஆபரேஷன் செய்யும் நிலையைக் கடந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரைப் பார்க்க அந்தப் பெண்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். ஒருத்தி கால் பக்கம் நின்று கேட்டாள்: "அக்கா, தீபாவளி வருது. போனஸ் உண்டுல்ல?"

"உண்டுடி" என்றார். அந்த வாரமே போய்ச் சேர்ந்தார்.

உங்களையும் யாராவது ஒருநாள் காண்ட்ராக்டர் என்பார்கள். லட்டு வாங்காதீர்கள். உடம்புக்கு வந்தால் யார் பார்ப்பது என்று முதலில் கேளுங்கள். ஜி.எஸ்.டி. என்று வாங்குவது உங்கள் பணம் அல்ல, தனிக் கணக்கில் போடுங்கள்.

அத்தையைத் துடைத்துப் புடவை மாற்றிவிட்ட வார்டு ஆயாவுக்கும், பாடை தூக்கிய தெருப் பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி. அலுவலகத்திலிருந்து மலர் வளையம் வந்தது. ரிப்பனில் 'எங்கள் வெண்டருக்கு' என்றிருந்தது. அவர்களுக்கும் நன்றி.

பாக்கியை நான் கட்டி முடித்தபோது ஆடிட்டர் சொன்னார்: "ஜி.எஸ்.டி. பதிவு ரத்தாகிற வரைக்கும் செத்தவங்க பேர்லயும் மாசக் கணக்கு குடுக்கணும். வேலை நடக்கலைன்னா 'நில்'னு, அதாவது ஒண்ணும் இல்லைன்னு, ஒரு மெசேஜ் போதும். அவங்க போன்லேருந்துதான் போகணும்."

அத்தையின் அறைக்குத் தனியாகப் போய் உட்கார்ந்து, அவருடைய போனில், அவர் இறந்த மாதத்துக்கு 'நில்' என்று அடித்து அனுப்பினேன். உறுதிசெய்யச் சொல்லி ஓர் எண் வந்தது. உறுதிசெய்தேன்.