இருதயராஜின் ஏழாம் ஆர்ட்டிகிள்

ஆம்பூரில் பாய்மரப் படகு வரைகிற ஆள் ஒருத்தர் இருக்கிறார் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் அதைவிடச் சத்தமாகச் சிரித்து ஓய்ந்தவர்கள்தான். பாலாறு வருஷத்தில் பாதி நாள் மணலும் முள்ளுமாகக் கிடக்கிற ஊரில் உட்கார்ந்து ஒரு மனுஷன் படகுக்குக் கோடு போட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அம்பிகாவுக்கும் வந்தது. கட்டிக்கொண்டவள் என்பதால் வாய்க்குள் சிரித்தாள்.

இருதயராஜ் ஷூ ஃபேக்டரியில் பேட்டர்ன் மாஸ்டர். கால் வடிவக் கட்டையின்மேல் காகித டேப்பை ஒட்டி, அதில் பென்சிலால் கோடிழுத்து, உரித்து, அட்டையில் தட்டையாகப் படியவைத்து வெட்டுவார். அந்த அட்டை அளவுக்குத் தோலை வெட்டித் தைத்தால் தட்டையாகக் கிடந்ததெல்லாம் காலாக எழுந்து நிற்கும். அதே ஃபேக்டரியில் ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கிற லைனில் இருந்தாள் அம்பிகா. மாஸ்டர் இருதயராஜ் போட்ட அட்டை என்றால் துண்டுகள் மிஷினில் சண்டை போடாது என்று லைன் முழுக்கப் பேச்சு. அதைக் கேட்டுத்தான் ஆளையே நிமிர்ந்து பார்த்தாள். அவர் சர்ச், இவள் கெங்கையம்மன் கோயில். இரண்டு வீட்டிலும் ஒரு வருஷம் பேஜாராகி, முதல் குழந்தை பிறந்ததும் அடங்கியது.

கல்யாணமான நாலாம் வருஷம் கம்பெனி அவரை மூன்று மாதம் போர்ச்சுகலுக்கு அனுப்பியது. திரும்பி வந்த அன்றைக்குப் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை.

"அம்பிகா, அங்க துறைமுகத்துல ஒருத்தன் பிளைவுட்டைச் செம்புக் கம்பியால தைக்கிறான்மே! துண்டு துண்டா தட்டையா கெடக்குது. தைக்கத் தைக்க வளைஞ்சி படகாவுது. நம்ம அப்பர்தான் அது. அச்சு அசல்!"

"எனக்கு இன்னா கொண்டாந்தீங்க?"

கொண்டுவந்தது ஒரு கம்பளி ஸ்வெட்டர். ஆம்பூர் வெயிலுக்கு. இன்றைக்கும் அது பீரோவில்தான் இருக்கிறது.

முதல் படகை வாணியம்பாடியில் அவருடைய தோஸ்த் மக்பூல் அகமதின் தோல் கிடங்குக்குப் பின்னால் கட்டினார். அங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. தோல் இழுபடும். கட்டைமேல் இழுத்து ஒட்டும்போது நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு நீளும். அதனால் அப்பர் அட்டையை அந்த அளவு குறைத்து வெட்டுவது பேட்டர்ன் மாஸ்டரின் கைப்பழக்கம். ஷூவின் அடி இழுபடாது, அதைக் குறைப்பதில்லை. இருதயராஜின் கை படகின் பக்கப் பலகைகளை அப்பராக எண்ணிக் குறைத்துவிட்டது, அடிப்பலகையை அப்படியே விட்டுவிட்டது. தைத்து முடித்துப் பார்த்தால் முனையில் பலகைகள் சேரவில்லை. நாலு விரற்கடை வாய் பிளந்து நிற்கிறது.

"தோஸ்த், உன் படகு கொட்டாவி உடுது. பாய் போட்டுப் படுக்க வை" என்றார் மக்பூல். அந்த வாரம் முழுக்கக் கிடங்குக்கு வந்தவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார்.

இருதயராஜ் கோபித்துக்கொள்ளவில்லை. புதுப் பலகை வாங்கினார். ஃபேக்டரியில் ஒவ்வொரு மாடலுக்கும் ஆர்ட்டிகிள் நம்பர் உண்டு, படகுக்கும் அப்படியே வைத்தார். ஆர்ட்டிகிள் இரண்டு ஆண்டியப்பனூர் அணையில் மிதந்தது. மூன்று, அதே அணையில் அவரைக் கவிழ்த்தது. நீச்சல் தெரியாத மனிதர். மக்பூல்தான் சட்டையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். நாலு ஜெயித்தது. பலகைகளை எண் போட்டு, அப்பர் துண்டுகள் மாதிரி ஒரே பெட்டியில் அடுக்கி அனுப்பலாம். பிரித்துத் தைத்துப் பசை பூசினால் ஒரு வாரத்தில் படகு. காற்றைப் பிடிக்கிற துணியை அம்பிகா தன் மிஷினிலேயே தைத்தாள். கோவளம் பக்கம் சிறுவர்களுக்குப் படகோட்டச் சொல்லித்தருகிற கௌதம் என்பவன் எப்படியோ விசாரித்துக்கொண்டு ஆம்பூர் வந்தான். இரண்டு பெட்டி வாங்கிப்போனவன், அடுத்த வருஷம் இருபது கேட்டான். மீனவர் பிள்ளைகள் அதில்தான் பழகினார்கள். பெட்டியில் போகிற பாய்மரப் படகை நம் கரையில் முதலில் வரைந்தவர் இவர்தான் என்று ஒரு விழாவில் மைக்கில் சொன்னான். இருதயராஜ் கூச்சத்தில் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

எந்தப் படகிலும் அவர் பேரைப் போட்டதில்லை. கௌதம் கேட்கும்போதெல்லாம், "இன்னும் சரியா வரலப்பா" என்பார். ஏழாம் ஆர்ட்டிகிளுக்கு மட்டும் அவராகவே சொன்னார். பதினாலடி, வாத்தியாரும் நாலு பிள்ளைகளும் உட்காரலாம். ரிட்டயர் ஆனபின் ஒன்றரை வருஷம் வரைந்தது.

"இதான் கடைசி. இதுல பேரு போட்டுக்கலாம்மே."

அந்த ஒன்றரை வருஷத்தில்தான் சில்லறை சில்லறையாக ஏதேதோ நடந்தது. டீ குடித்துவிட்டு, டீ எங்கே என்று கேட்டார். மகள் சங்கீதாவிடம் போனில் பேசி வைத்துவிட்டு, அவள் போனே பண்ணுவதில்லை என்று குறைப்பட்டார். படகு நினைப்பில் இருக்கிறார் என்று அம்பிகா விட்டுவிட்டாள். விடத்தான் மனசு சொன்னது.

போன மாதம் ஒரு புதன்கிழமை கௌதம் அம்பிகாவின் போனுக்குக் கூப்பிட்டான்.

"ஆன்ட்டி, சார் பக்கத்துல இருக்காரா? இல்லல்ல? ஏழாவது படகு முனையில சேர மாட்டேங்குது. நாலு இன்ச் கேப் வருது. ரெண்டு தடவை வெட்டிப் பார்த்துட்டோம்."

அவர் சவரத்துக்குப் போயிருந்தார். அம்பிகா முன்னறையில் ஏழாம் ஆர்ட்டிகிளின் அசல் காகிதச் சுருளைத் தரையில் விரித்தாள். இன்ச் டேப்பை எடுத்துப் பக்கப் பலகையின் ஓரத்தை அளந்தாள், அதோடு தைக்கவேண்டிய அடிப்பலகையின் ஓரத்தை அளந்தாள். சேர்த்துத் தைக்கிற இரண்டு ஓரமும் ஒரே நீளம் இருக்கவேண்டும், முதல் நாள் மிஷினில் உட்காருகிற பெண்ணுக்குக்கூடத் தெரியும். பக்கப் பலகை குறைச்சல். ஒரு கோடு தவறியிருக்கும் என்று தேடினாள். மூலையில் அவருடைய முத்து முத்தான எழுத்தில் பென்சிலால் இருந்தது: "இழுப்புக்கு 2½ கழித்தாயிற்று."

கை தவறியிருந்தால் பரவாயில்லை. கவனமாக, கணக்குப் போட்டு, சரிபார்த்துக் கழித்திருக்கிறார். பலகையைத் தோல் என்று நினைத்து. அம்பிகா அந்தக் காகிதத்தின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் கௌதம் நேரில் வந்தான். மக்பூலும் வந்திருந்தார். அம்பிகா எதுவும் சொல்லியிருக்கவில்லை. விரித்துக் கிடந்த காகிதத்தின் மூலையை இருவருமே பார்த்துவிட்டார்கள். மக்பூல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏழாவது முனையில சேரல, எங்க தப்புதான் சார்" என்றான் கௌதம். "கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது அளவு மாறிடுச்சு."

இருதயராஜுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அதான பார்த்தேன்! கம்ப்யூட்டர்னா கண்ணை மூடிக்கறதா? டேப்பு எதுக்கு இருக்குது? இன்னாப்பா மக்பூல், பேச மாட்டேன்ற?"

"நீ பேசு தோஸ்த். நான் கேக்கறேன்" என்றார் மக்பூல். முதல் படகை ஒரு வாரம் ஊருக்கே காட்டிச் சிரித்த மனிதர், டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அவர்கள் போனபிறகு, மக்பூல் பாதியில் வைத்த டீ கிளாசை இருதயராஜ் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அந்தப் பையன் பொய் சொல்றான்மே. மக்பூல் சிரிக்கல பாரு. நீ தச்சவ. நீ சொல்லு."

அம்பிகா நினைத்துப் பார்த்தாள். முப்பது வருஷம் அவர் வேலையில் பிசகு இருந்தால் முகத்துக்கு நேரே சொன்னவள் அவள். அவர் கேட்பதும் அவளிடம்தான். மூலையைக் காட்டினாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "நான் எழுதினதா?"

"உங்க எழுத்துதாங்க."

கட்டைவிரலால் அந்த வரியைத் தடவினார். "பலகையாச்சேம்மே இது" என்றார். வேறு யாரோ செய்த தப்பைச் சொல்வதுபோல் மெதுவாக. முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு அவரே கௌதமுக்குப் போன் போட்டார். "நான்தாம்பா தப்பு பண்ணேன். நீ ஏன் உன் தலைல போட்டுக்கற?"

நீளத்தைத் திருத்திக்கொள்கிறோம், உங்கள் பேரையே போடுகிறோம் என்று அவன் கெஞ்சியது அம்பிகாவுக்கும் கேட்டது.

"வோணாம். இன்னொருத்தன் திருத்தினதுல என் பேரு எதுக்கு?"

அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. அடுத்த வாரம் சங்கீதா வந்து வேலூருக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் நோயின் பேரைச் சொன்னார், மாத்திரை எழுதினார், குணமாகும் என்று மட்டும் சொல்லவில்லை.

வேலூரிலிருந்து வந்த மறுநாள் காலை, இருதயராஜ் பல் விளக்கிக்கொண்டே கேட்டார். "ஏழாவது படகு சேரலன்னாங்களே, இன்னாத்த வெட்டுனானுங்க?"

அம்பிகா உண்மையைச் சொன்னாள். காகிதத்தைக் காட்டினாள். "நான் எழுதினதா?" என்று அதே குரலில் கேட்டார். அதே மாதிரி தடவினார். முகத்திலிருந்து ரத்தம் அதே மாதிரி இறங்கியது. அவளுக்கு அது இரண்டாம் தடவை. அவருக்கு முதல் தடவை.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். சர்ச்சிலிருந்து வந்தவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். ஒரு காயை எடுத்து அவரும் உரித்தார்.

"அம்பிகா, அந்த ஏழாவது ஆர்ட்டிகிள் இன்னா ஆச்சி? ஏன் சேரலியாம்?"

அவள் தலை நிமிரவில்லை.

"அவங்கதாங்க தப்பா வெட்டிட்டாங்க."

"நான் சொல்லல?" இருதயராஜின் முகம் மலர்ந்தது. "டேப்பைப் புடிச்சி அளக்கத் தெரியாதவனுங்க. இரு, போன் போட்டு நல்லா நாலு கேக்கறேன்."

"கேளுங்க."

எழுந்து போனை எடுத்துவந்தார். திரையை மேலும் கீழும் தள்ளித் தேடினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி தேடினார்.

"அந்தப் பையன் பேரு இன்னாமே?"

"கௌதம்" என்றாள்.